வாட்டர் பேப்பரில் தேய்த்த மாத்திரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், இந்த வரியை எல்லோரும் எழுதுகிற மாதிரி அம்மாவும் எழுதியிருக்கிறாள் என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை நிஜமாகவே சுகம், அதிலும் அப்பா சுகம் என்பதை நீ கேட்டால் இன்னொரு தடவைகூட எழுதுவேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அந்த உயரத்தில் காற்றடிக்கும்போது சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கடிதமா, இந்தக் காலத்திலா என்று உறையைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். போனில் நான் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா, கீழே கூப்பிடுறாங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும், என்னை மாதிரி.

போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியை நான் எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. இரத்தம் நின்றுவிட்டது, வயிற்றுவலி இல்லை, கிரேன் கூண்டில் ஏறினால் பாதியில் இறங்கி ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் முழு நேரமும் உட்கார முடிகிறது என்று சொன்னாயே, அது என் வயிற்றில் பால் வார்த்தது. அதே மூச்சில், நன்றாக ஆகிவிட்டதால் மாத்திரையை நிறுத்தப் போகிறேன், அடுத்த மாதம் இருக்கிற குடல் கேமரா பரிசோதனைக்கும் போகப்போவதில்லை, அப்பாவைக் குணமாக்கிய அத்தையின் கஷாயப் பொடியில் எனக்கும் ஒரு டப்பா அனுப்பு என்றும் சொன்னாய் பார், அது அதே வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரே செய்தியில் இரண்டையும் செய்ய உன்னால்தான் முடியும். பொடியை நான் அனுப்பவில்லை. அனுப்பப்போவதும் இல்லை. அப்பாவை அது குணமாக்கவில்லை, கண்ணு. குடும்பக் குழுவில் அத்தை பூக்களும் கைகூப்பும் படங்களும் போட்டு அறிவித்தாளே, அதற்கப்புறம் நடந்த கதை உனக்குத் தெரியாது. அப்பாதான் சொல்லக்கூடாது என்றார். "புள்ள உயரத்துல உக்காந்து வேலை பாக்குது, இங்க இருக்கிற கவலையெல்லாம் அங்க ஏத்தி விடாத" என்று ஒற்றைக்காலில் நின்றார். இப்போது அவரே சொல்லச் சொல்லிவிட்டார், சொல்லிச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார், ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருடம் அப்பா இளைத்து, பட்டறைக்கும் கழிவறைக்கும் நடையாய் நடந்து, கடைசியில் இரத்தத்தைப் பார்த்துப் பயந்து குடல் டாக்டரம்மாவிடம் போனதுவரை உனக்குத் தெரியும். பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி வீங்கியிருக்கிறது, இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, உடம்பு தன் குடலோடு தானே சண்டை போடுகிற நோய், அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பிறகு அதே நோயின் பெயரை உன் டாக்டர் உனக்கும் சொன்னபோது, "என் சொத்துல முதல்ல உனக்கு எழுதி வெச்சது இதுதான் போல" என்று அப்பா போனில் சிரித்ததும், வைத்தபிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான் ஒரே நாளில் பார்த்தவை. அவருக்குக் கொடுத்த மாத்திரை செங்கல் நிறத்தில், நீளமாக, பளபளவென்று இருக்கும். முதல் நாள் அதை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "ஸ்ப்ரேதான் அடிச்சிருக்கான், ஒரு இடத்துலயும் வழியல" என்று பாராட்டிவிட்டுத்தான் விழுங்கினார். கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற மனுஷனுக்கு மாத்திரையும் ஒரு சின்ன கார்தான். சில மாதங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார், இரத்தம் நின்றது, கன்னம் கொஞ்சம் ஏறியது, என் சமையலில் குறை கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்தது.

அப்புறம்தான் அந்தக் கூத்து. இது எனக்கு அப்போது தெரியாது, பின்னால் தெரிந்ததை உனக்குக் குழப்பம் வேண்டாமென்று முன்னால் சொல்கிறேன். ஒருநாள் கழிவறையில் அந்த மாத்திரையின் சிவப்புத் தோல் மட்டும் அப்படியே வெளியே வந்திருப்பதை அப்பா பார்த்திருக்கிறார். இதையெல்லாம் எழுத எனக்குக் கூச்சமில்லை, இந்த நோய் புகுந்த வீட்டில் கூச்சம் முதலில் வெளியே போய்விடுகிறது. உள்ளே இருக்கிற மருந்து இறங்கியபிறகு வெறும் தோல் சில சமயம் அப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டாக்டரம்மா சொல்லியிருப்பார். கேட்டால்தானே. பெயின்ட் விஷயத்தில் இவர் ஒருவரைக் கேட்பதாவது. உடம்பு பெயின்டை உரித்து வெளியே தள்ளுகிறது, ஆகவே பெயின்ட் உடம்புக்கு ஆகவில்லை, மேலே இருக்கிற சிவப்பு சும்மா அழகுக்கு, மருந்து உள்ளே இருக்கிற வெள்ளைதான் என்று தானே முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்க பால்கனியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கார்களுக்குக் கடைசி மெருகு ஏற்றுமுன் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற மெல்லிய உப்புத்தாள் இருக்கிறதே, வாட்டர் பேப்பர், அதைக் கிண்ணத்தில் நனைத்து, அந்த வாரத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சிவப்பை எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, காயவைத்து, நாள்வாரியாக அறை போட்ட டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார். பால்கனித் தரையில் சிவப்புத் தூள் கிடக்கும். நம் வீட்டில் சிவப்புத் தூள் ஒரு அதிசயமா சொல், அவர் சட்டையை உதறினாலே ரெட் ஆக்ஸைடு பிரைமர் பறக்கும், நான் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

அதே சமயத்தில் அத்தை பொடியோடு வந்தாள். உன் அத்தையை உனக்குத் தெரியும், ஓட்டுநர் பள்ளியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போடுவதே அவள் தொழில், அந்தப் பழக்கத்தில் அடுத்தவர் வாழ்க்கையிலும் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். கைபேசியில் எதையோ பார்த்து, யாரிடமோ பேசி, குடலைக் கழுவித் துடைத்துப் புதிதாக்கும் மூலிகைப் பொடி என்று வரவழைத்திருந்தாள். "மாத்திரையெல்லாம் அமுக்கி வெக்கத்தான் செய்யும்ணே, வேரோட புடுங்கிப் போடுறது இதுதான்" என்று அவளே அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்தாள். வாழ்நாளெல்லாம் தின்னர் வாசனையில் நின்ற அப்பாவே மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் தங்கை ஆசையாகக் கொடுக்கிறாளே என்று இரண்டு வேளையும் குடித்தார். தேய்த்த மாத்திரை ஒரு பக்கம், கஷாயம் ஒரு பக்கம். அப்போது அவர் நன்றாக இருந்தார், அது உண்மை. முதல் மாதங்களில் பூச்சோடு உள்ளே போன மாத்திரைகள் செய்த வேலை அது. நல்ல பெயர் மட்டும் பொடிக்குப் போய்விட்டது. அத்தை குடும்பக் குழுவில் அறிவித்துவிட்டாள், மாடிவீட்டு அம்மா தன் மூட்டு வலிக்கு அதே பொடி கிடைக்குமா என்று கிண்ணத்தோடு வந்து நின்றார், அப்பாவும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நீ கேட்ட கதை இந்த இடத்தோடு நின்றுவிட்டது.

நோய் அங்கே நிற்கவில்லை. கொஞ்ச நாளில் திரும்ப வந்தது, அப்பா யாரிடமும் மூச்சுவிடவில்லை. தங்கை மனசு கஷ்டப்படும் என்று ஒரு காரணம், நான் கத்துவேன் என்று இன்னொரு காரணம். இரண்டாவது நியாயமான காரணம்தான். டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவதை விட்டுவிட்டார், அதிலேயே எனக்குச் சந்தேகம். ஒருநாள் துவைக்கப் போட்ட காற்சட்டையிலிருந்து பெல்ட்டை உருவினால் அதில் ஆணியால் குத்திய புது ஓட்டை. கேட்டால் "பெல்ட் நீண்டு போச்சு" என்கிறார், மனுஷன் சுருங்கினதை விட்டுவிட்டு. இப்படி இருக்கும்போதுதான் பட்டறை முதலாளி எனக்குப் போன் போட்டார். ஒரு வண்டியின் கதவைப் பாதி அடித்துவிட்டு மீதியை அப்படியே போட்டுவிட்டுப் போனவர் கழிவறையிலிருந்து வெளியே வரவில்லை, கதவைத் தட்டினால் குரல் மட்டும் வருகிறது என்றார். பாதிக் கதவில் விட்டால் காய்ந்த இடத்தில் கோடு விழும், முழுதையும் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும், அப்பா ஒருநாளும் அப்படி விட்டவர் இல்லை. திரைச்சீலைக் கடையில் அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு முகம் வாடினார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் அடுத்த படி உடம்பின் எதிர்ப்பையே குறைக்கிற ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் பெருங்குடலை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்றார். எடுத்துவிட்டு வயிற்றில் பை வைத்துக்கொண்டு ஓடியாடி வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் வண்டிக்கு அடியில் குனிந்தும் படுத்தும் வேலை செய்கிற அப்பாவின் கை தானாகப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஊசியைப் பற்றி முடிவு செய்ய டாக்டரம்மா அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். அந்த நாள் அத்தையும் தன் பொடி டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள், ஊசிக்கு முன்னால் பொடிக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கப் போகிறாளாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, அவளை வராதே என்று சொல்லவில்லை.

இனிமேல்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம், கூண்டில் இருந்தால் இறங்கிவந்து படி. டாக்டரம்மா எழுதுவதற்குமுன், நடுவில் மாத்திரையை விட்டீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஒரு வேளை விட்டதில்ல டாக்டர். அதுவும் எல்லாரும் மாதிரி சும்மா போடல, தேச்சுத் தொடச்சு சுத்தமாத்தான் போடுறேன்" என்றார். தேய்த்தா என்று அவர் நிமிர, "எங்கண்ணன் எதையும் அரைகுறையாச் செய்யமாட்டாரு" என்று அத்தை பெருமையோடு எடுத்துக்கொடுத்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் திறந்து வைத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல், ஆற்றுக் கூழாங்கல் மாதிரி மாத்திரைகள். டாக்டரம்மா ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டினார், விளக்கில் பிடித்தார், "இது என்ன மாத்திரை? நான் குடுத்தது இல்லையே" என்றார். தானே எழுதிக்கொடுத்த மாத்திரை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா வாட்டர் பேப்பர் கதையைச் சொன்னார், எத்தனாம் நம்பர் தாள் என்பதுவரைக்கும் சொன்னார். அந்த அம்மாவால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார், மன்னியுங்கள் என்றார், மறுபடி டப்பாவைப் பார்த்தார், மறுபடி தோள் குலுங்கியது. நானும் அத்தையும் ஒன்றும் புரியாமல் பேந்தப் பேந்த விழித்தோம்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற மாதிரியே எழுதுகிறேன், ஏனென்றால் இது உனக்கும்தான். "அந்தச் செவப்பு அழகுக்கில்ல ஐயா. இரைப்பையில இருக்கிற அமிலத்துக்குக் கரையாத பூச்சு அது. இரைப்பையத் தாண்டி, சிறுகுடல் முழுக்கக் கடந்து, பெருங்குடல் பக்கம் போனப்புறம்தான் அது கரைஞ்சு தொறக்கும். உங்களுக்குப் புண்ணு இருக்கிறது அங்க. நீங்க பூச்சை எடுத்துட்டீங்க, மருந்து மேலேயே கரைஞ்சு போயிருச்சு. சேர வேண்டிய எடத்துக்குச் சேரவே இல்ல." அப்பா முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக, எத்தனை கோட்டிங் அடிப்பார்கள் என்று கேட்டார். டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை, கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். சுழலுகிற டிரம்மில் மாத்திரைகளைப் போட்டு மெல்லிசாகத் தெளித்துத் தெளித்துக் காயவைப்பார்களாம். "அப்ப இதுல பூச்சுதான் வேலையே செய்யுது, மருந்து சும்மா சவாரி போகுது" என்று அப்பா சொன்னபோது அந்த அறையில் நோயாளி யார் என்பதே மறந்துபோனது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "பூச்சு அடிச்சே சோறு தின்னவன், பூச்சை நம்பாமப் போயிட்டேனே" என்று புலம்பினார். எனக்கோ அந்த நிமிஷம் தலைகால் புரியவில்லை. மாத்திரை தோற்கவில்லை என்றுதானே அர்த்தம், மாத்திரை இன்னும் சண்டைக்கே போகவில்லை. டாக்டரம்மாவும் ஊசிக்கான தாளை ஓரமாக வைத்துவிட்டு, புண்ணை உடனே தணிக்கக் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு, அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், கூடவே பழைய மாத்திரை, பூச்சோடு, முழுசாக, என்று எழுதினார்.

பொடியையும் வாங்கிப் பார்த்தார். டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. முதலில் எழுதியிருந்தது நிலாவரை, அது பேதிக்குக் கொடுக்கிறது, ஏற்கனவே ஓடுகிற வயிற்றை இது இன்னும் விரட்டியிருக்கிறது என்றார். கடைசியில் 'மற்றும் சில அரிய மூலிகைகள்' என்று இருந்தது, "இந்த 'சில' எதுன்னு தெரியாம நான் எப்படிம்மா சரி தப்பு சொல்ல முடியும்" என்று அத்தையைக் கேட்டார். திட்டவில்லை, கண்ணு, அதைச் சொல்லியாக வேண்டும். மூலிகை என்றாலே கெட்டது என்று தான் சொல்லவில்லை என்றும், மஞ்சளிலிருந்து எடுத்த மருந்தை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் சிலருக்குக் கூடுதலாகக் கேட்டிருக்கிறது என்றும், ஆனால் அது மாத்திரைக்குத் துணையாக, மாத்திரையின் நாற்காலியில் உட்காருவதற்கு இல்லை என்றும் சொன்னார். எதைக் குடித்தாலும் ஒளிக்காமல் என்னிடம் சொல்லுங்கள், அதுவும் மருந்துதான், மருந்துக்கு மருந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டாமா என்றார். வெளியே வந்ததும் அத்தை வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "எனக்குன்னு இருக்கிறது ஒரே அண்ணன், அண்ணி. அவரை நானே கொல்லப் பாத்தேனே" என்றாள். நானும் அவளும் எத்தனையோ விஷயத்துக்கு முட்டிக்கொண்டவர்கள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பொடியால கெடுத்தே, அவரு உப்புத்தாளால கெடுத்தாரு, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சரியாப் போச்சு, எந்திரி" என்றேன். அவளை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இப்போது அத்தைதான் மாத்திரைக்குக் காவல். காலையில் மாணவிகளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஸ்பீக்கரில் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணே, மாத்திரை போட்டாச்சா, பூச்சோடயா" என்று அதட்டுவாள். ஒருநாள் அவள் போட்ட அதட்டலில் ஸ்டீயரிங் பிடித்திருந்த பெண் "போட்டாச்சு மிஸ்" என்று பதறிப்போய் நடுரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டாளாம், பின்னால் வந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம். அப்பா மறுபடி வேலைக்குப் போகிறார். அந்தப் பாதிக் கதவை முதலாளி வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார், போன முதல் நாளே அதைச் சுரண்டி, புதிதாக அடித்து முடித்துவிட்டுத்தான் டீ குடித்தாராம். இப்போது ஐஸ்கிரீம் விற்கிறவர் ஒருவருடைய வேனுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருக்கிறார், அந்த மஞ்சள் அவர் காதுக்குப் பின்னால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பிவிட்டார். ரிமோட் சண்டையும் திரும்பிவிட்டது, நேற்று நான்தான் விட்டுக்கொடுத்தேன், பழக்கமாகிவிடப் போகிறது. எனக்கும் கடையில் ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது, ஒரு நாடக அரங்கத்துக்கு மேடைத் திரை முழுக்கப் புதிதாகத் தைக்க வேண்டும், கருஞ்சிவப்பு வெல்வெட், ஒரு மடிப்பைத் தூக்கினாலே தோள் கழன்றுவிடும் போல் இருக்கிறது. திறக்கிற நாளில் தைத்தவர்களையும் உட்கார வைப்பார்களாம். அப்பாவை நடுவரிசையில் உட்கார வைக்கப் போகிறேன், கழிவறைக்குப் பக்கத்தில் ஓரத்து இருக்கை தேடாமல்.

ஏன் இவ்வளவு தைரியம் என்கிறாயா, சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு மறுபடி கேமரா பரிசோதனை நடந்தது. முந்தின நாள் முழுக்க, குடலைக் கழுவிச் சுத்தமாக்குகிற அந்த உப்புத் தண்ணீரைக் குடிக்கவைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும், நீயும் மூக்கால் அழுதுகொண்டே குடித்தவள்தானே. காத்திருக்கும் அறையில் திரைச்சீலையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தார்கள், பதற்றத்தில் நான் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன், யாரும் பார்க்காதபோது இரண்டு கொக்கியைக் கழற்றி மாற்றியும்விட்டேன். பிறகு உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இடது பக்கம் பழைய படம், சிவந்து, உரிந்து, பார்க்கவே எரிகிற மாதிரி இருந்தது. வலது பக்கம் அன்றைக்கு எடுத்தது, வெளிர் ரோஜா நிறத்தில், ஈரப் பளபளப்போடு, மெல்லிய இரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அப்படித் தெரிந்தால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமாம். மயக்க மருந்து முழுதும் தெளியாத அப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "ஒரு கீறல் இல்ல, பட்டி பாக்கவே வேணாம் போல" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை, இரண்டும்தான். அத்தை சந்தோஷம் தாங்காமல் கீழே போய் ஒரு பெட்டி கேக் வாங்கிவந்து அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரிடமும் நீட்டினாள், அங்கே பாதிப் பேர் பரிசோதனைக்காகப் பட்டினி கிடக்கிறவர்கள், ஒருவரும் கை நீட்டவில்லை, முறைத்தார்கள். நாங்களே வண்டியில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். அப்பாவுக்குத்தான் பெரிய துண்டு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை என்று கேட்டாய். அதற்கு அப்பா சொன்ன பதிலை அப்படியே எழுதச் சொன்னார். "வண்டி பளபளன்னு இருக்கும்போதுதான் மேல க்ளியர் கோட் அடிக்கணும். துரு ஏறுனதுக்கப்புறம் டப்பாவைத் தேடுறவன் பெயின்டரே இல்ல. அவகிட்ட சொல்லு, அவ நல்லா இருக்கிறதே அதனாலதான்." அப்பாவுக்குக் கொடுத்ததை நீ சாப்பிடு என்று நான் சொல்லவில்லை, உன் உடம்பு வேறு, உன் டாக்டர் வேறு, அவர் கொடுத்திருப்பதை அவர் சொன்ன மாதிரி சாப்பிடு. மாத்திரை பிடிக்கவில்லை என்றால், குறைக்கலாமா என்று தோன்றினால், ஏதாவது மூலிகை சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆசையாக இருந்தால், அதையும் அவரிடமே நேராகக் கேள், கேட்பதற்குக் காசா பணமா. எங்களை மாதிரி பால்கனியில் உட்கார்ந்து முடிவெடுக்காதே. மேலே சிரித்துச் சிரித்து எழுதினேன், இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. ஸ்டூலில் ஏறினாலே தலைசுற்றுகிற குடும்பத்தில் பிறந்து நீ மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரும்புத் தூண்களைத் தூக்கி வைக்கிறாய், அந்தக் கூண்டில் கழிவறை கிடையாது, உனக்கு ஒன்று என்றால் ஓடிவந்து கதவைத் தட்டக்கூட நான் அங்கே இல்லை. அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது எனக்கு இரண்டு தெருதான் தூரம். அந்த வேலையை நீ எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். அதை நீ வேண்டுமென்கிற வரைக்கும் வைத்திருக்க வேண்டும், ஒரு நாளும் பாதியில் இறங்கி ஓடக்கூடாது. அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இந்த உறைக்குள் இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். அப்பா டாக்டரம்மாவிடம் கெஞ்சி வாங்கிய அச்சுப் பிரதிகள், பின்னால் 'முன்', 'பின்' என்று பட்டறையில் எழுதுகிற மாதிரியே அவரே எழுதியிருக்கிறார். விருந்தாளி வரும்போது எடுத்துக் காட்டிவிடாதே, எங்களுக்கு மாடிவீட்டு அம்மாவிடம் காட்டி ஏற்கனவே நல்ல பெயர் கிடைத்துவிட்டது. மற்ற வீட்டு அம்மாக்கள் தூரத்தில் இருக்கிற பெண்ணிடம் மாப்பிள்ளையோடு நிற்கிற படம் கேட்கிறார்கள், நானும் ஒருநாள் கேட்பேன், விடமாட்டேன். ஆனால் எனக்கு முதலில் வேண்டிய படம் வேறு. அடுத்த மாதம் அந்தப் பரிசோதனைக்குப் போ. போய், உன் குடலின் படம் ஒன்று வாங்கி எனக்கு அனுப்பு, ரோஜா நிறத்தில்.

கையில் வலிமையும் வயிற்றில் நிம்மதியும் உனக்கு என்றும் இருக்கட்டும் என்று நானும் அப்பாவும் சேர்ந்து வாழ்த்துகிறோம். அத்தை உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள், கூடவே அதட்டச் சொன்னாள், இரண்டையும் பெற்றுக்கொள். இதைப் படித்து முடித்த கையோடு எழுந்து போய் இன்றைய மாத்திரையைத் தண்ணீரோடு முழுசாக விழுங்கு, அப்புறம் அம்மாவைத் திட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகத் தபால்காரரை வாசலிலேயே மறிக்கப்போகிற
உன் அம்மா